கடல் கடந்த நீதி

அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். வழக்கமாக ஊர்ப்பயணம், பிள்ளைகளின் கல்வி, சங்க விழா என்று எழுதிவரும் நாம், இத்திங்கள் சற்றே கசப்பான ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பயங்கரவாதம் புரிந்தோரை நாடுகள் ஒன்றுகூடிப் பிடிப்பதும், நீதிமன்றத்தின்முன் நிறுத்துவதும் பற்றிய பொருள் அது. அரசியலறிஞர் எழுத வேண்டியதை அந்தமானில் குடியேறிய ஓர் எளிய குடும்பத்தார் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நம் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த ஒரு பேச்சே இதற்குக் காரணம். அப்பேச்சில் நாம் தலைகுனிய நேர்ந்தது. அதனை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை எனக் கருதினோம்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள். தஹாவுர் ராணா என்பவர் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் டில்லிக்குக் கொண்டுவரப்பட்டார் என்ற செய்தி எங்கும் பரவியது. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு மும்பையில் தொடங்கிய படுகொலைக்கு உடந்தையாயிருந்தார் என்பது அவர்மேல் நம் நாடு சாட்டிய குற்றம். மறுநாள் மாலை நம் திண்ணையில் நண்பர் நால்வர் கூடினர். தேநீர் வந்தது, பேச்சும் சூடேறியது. “இவனுக்கு இன்னும் ஒரு விசாரணையா? வக்கீல் வேறு வைத்துக் கொடுப்பார்களாம்! விமானத்திலிருந்து இறங்கும்போதே சுட்டுத் தள்ளியிருக்க வேண்டாமா?” என்று ஒருவர் முழங்கினார். மற்றவர் ஆமோதித்தனர். எல்லோரினும் உரக்க ஆமோதித்தவர் நாமே என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நம் சினத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. நம் தங்கை மும்பையில் வாழ்க்கைப்பட்டவள். அன்றிரவு அவள் கணவர் ஊருக்கு வருவதற்காகச் சத்திரபதி சிவாஜி இரயில் நிலையத்தில் பெட்டியும் கையுமாக அமர்ந்திருந்தார். துப்பாக்கி ஏந்திய இருவர் உள்ளே புகுந்து, வண்டிக்குக் காத்திருந்த ஏழை எளிய மக்கள்மீது கண்மூடித்தனமாகச் சுட்டனர். அந்த ஒரு நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாப்பிள்ளை ஒரு மூட்டைக் குவியலின் பின்னே விழுந்து கிடந்து உயிர் தப்பினார். சிறிது நேரத்திற்கு முன்பு அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த பெயர் தெரியாத ஒருவர் அங்கேயே உயிர் விட்டார். விடியற்காலையில் தொலைபேசியில் அவர் குரலைக் கேட்கும்வரை, மும்பையில் தங்கையும் இத்தீவில் நாமும் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது. இன்றளவும் அவர் கூட்டம் நிறைந்த இடத்தில் சுவரை ஒட்டியே நிற்பார். இத்தகைய வீட்டார் ‘சுட்டுத் தள்ளு’ என்று சொன்னால் அது வியப்பாகுமோ?

நம் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓரமாக அமர்ந்திருந்தார் அண்டை வீட்டு மூதாட்டி. தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் ‘நானி’. வயது எண்பத்தேழு. 1942-க்கு முன்பே இத்தீவில் வேரூன்றிய ‘லோக்கல்’ குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் தந்தையார் இராமநாதபுரம் சீமையிலிருந்து மூன்று நாட் கப்பற்பயணம் செய்து, பொதுப்பணித் துறையில் மேஸ்திரி வேலைக்கு வந்து சேர்ந்த காலத்தில், மொழி தெரியாத நம் தாயாருக்கு மண்ணெண்ணெயும் அரிசியும் வாங்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும், பேசுவது இந்துஸ்தானியில். அன்று அவர் சொன்னதைத் தமிழில் தருகிறோம்.

“பேட்டா, விசாரணை வேண்டாம் என்கிறாயே. என் தந்தையையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஒற்றன் என்றார்கள். ஒற்றனுக்கு எதற்கு விசாரணை என்றார்கள். எனக்கு அப்போது வயது ஆறு. அவர் போட்டிருந்த செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டாம், வந்து போட்டுக்கொள்வார் என்று அம்மா நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.”

திண்ணையில் பேச்சு நின்றது. நண்பர் ஒருவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரோடு பழகியும், அவர் தந்தை ‘ஜப்பான் காலத்தில் இறந்தார்’ என்பதற்குமேல் நாம் கேட்டறிந்ததில்லை. நாம் கேட்டதுமில்லை என்பதே உண்மை.

தீவுக்குப் பின்னர் வந்து குடியேறிய நம்மவர் பலர் அறியாத வரலாறு இது. ஆதலின் சிறிது விரித்துரைப்போம். 1942-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. (2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகரம்தான் அது. பழக்கத்தால் நாம் பழம்பெயரையே எழுதுகிறோம்.) வெள்ளையர் ஆட்சி ஒழிந்தது என்று மகிழ்ந்தோரும் அன்று இருந்தனர். இந்திய சுதந்திரச் சங்கத்தின் கிளை ஒன்று இங்கே தோன்றிற்று. பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் அதன் தலைவரானார். ஆனால் நேச நாட்டு நீர்மூழ்கிகளும் விமானங்களும் தாக்கத் தொடங்கியதும் படையினருக்கு ஐயம் பிறந்தது. கரையிலிருந்து எவரோ சைகை காட்டுகின்றனர் என்று எண்ணினர். எண்ணம் விரைவிலேயே முடிவாகிவிட்டது. அதன்பின் ஆட்களைத் தேடிப் பிடிப்பது ஒன்றே எஞ்சியிருந்தது.

பிடிபட்டோரைச் செல்லுலார் சிறையில் அடைத்து வதைத்தனர். வலி பொறாமல் ஒருவர் வாயிலிருந்து வந்த பெயர்களைக் கொண்டு வேறு பலரைப் பிடித்தனர். 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் கைதான திவான் சிங், பல வாரங்கள் சித்திரவதைக்குள்ளாகி, 1944-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் உயிர் நீத்தார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான், டிசம்பர் 30-ஆம் நாள், நேதாஜி இவ்வூரில் மூவர்ணக்கொடியை ஏற்றினார். சிறைக்குள் நடப்பதை அவர் அறியாதவாறு ஜப்பானியர் பார்த்துக்கொண்டனர் என்று முதியோர் கூறுவர். ஜனவரி 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக்கொன்று ஒரே பள்ளத்தில் புதைத்தனர். அவர்கள்மேல் சாட்டிய குற்றமும் ஒற்று வேலைதான். நானியின் தந்தை அந்த நாற்பத்து நால்வரில் ஒருவரோ, சிறைக்குள்ளேயே மாண்டவரோ, அக்குடும்பத்திற்கு உறுதியாகத் தெரியாது.

நாம் நானியிடம் கேட்டோம்: “அவர்களையும் சுட்டுத் தள்ளியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?” அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: “அம்மாவுக்குத் தோன்றிற்று. எனக்கு ஒன்று மட்டுமே தோன்றும். யாராவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இவன் என்ன செய்தான் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். என் தந்தையிடமும் கேட்டிருக்க வேண்டும். அவரைக் கொன்றவனிடமும் கேட்டிருக்க வேண்டும். அதைத் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு தாளும் வந்ததில்லை.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கோவலனைப் பற்றி நாம் பள்ளியில் படித்த கதை நினைவுக்கு வந்தது. பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் கட்டளையிட்டான் பாண்டியன். கண்ணகி கேட்டது பழிக்குப் பழியையா முதலில்? ஆராய்ச்சியை அன்றோ அவள் கேட்டாள்! சிலம்பைக் கொணர்க, உடைத்துப் பார்க்க என்பதுதான் அவள் வழக்கு. தமிழ் வீடுகளில் பாட்டிமார் சொல்லிவந்த இக்கதையை மேடைதோறும் முழங்கும் நாம், நம் திண்ணையில் பாண்டியனின் பக்கம் நின்றுவிட்டோம்.

அடுத்த நாள் முதல், அக்காலத்து நீதி விசாரணைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். போர் முடிந்தபின், 1946 முதல் 1948 வரை, பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் சிங்கப்பூரில் நூற்றுக்கு மேற்பட்ட போர்க்குற்ற வழக்குகளை விசாரித்தன. அவற்றுள் ஒன்று நம் தீவுக்கூட்டத்தின் தெற்கே உள்ள கார் நிக்கோபாரைப் பற்றியது. 1945-ஆம் ஆண்டின் நடுவில், போர் முடியும் தறுவாயில், பகை விமானங்களுக்குச் சைகை காட்டினர் என்ற ஐயத்தின்பேரில் அத்தீவின் மக்கள் பலரை ஜப்பானியப் படையினர் அடித்து வதைத்துக் கொன்றனர். பின்னாளில் நிக்கோபாரின் ஆயராகவும், 1952-இல் அமைந்த முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கிய ஜான் ரிச்சர்ட்சனும் அப்போது பிடிபட்டுத் துன்புற்றவரே. போர் முடிவுற்றதால் அவர் உயிர் பிழைத்தது.

அவ்வழக்கு 1946-ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்தது. இட்சுகி தோஷியோ என்னும் படைத்தலைவரும் அவர்கீழ்ப் பணிபுரிந்த பலரும் கூண்டில் நின்றனர். சிலருக்கு மரண தண்டனையும் சிலருக்குச் சிறையும் விதிக்கப்பட்டன. குற்றம் நிகழ்ந்தது ஓரிடம். குற்றவாளிகள் வேறு நாட்டார். விசாரணை நடந்ததோ கடலுக்கு அப்பால். சிங்கப்பூர் விசாரணைகளில் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக வாதாட ஜப்பானிய வழக்கறிஞரே வந்தனர் என்பதையும், விடுதலை பெற்றுச் சென்றோரும் உண்டு என்பதையும் அறிந்தபோது வியந்தோம். வென்றவன் கையில் துப்பாக்கி இருந்தது, சுட்டிருந்தால் கேட்பாரில்லை. ஆயினும் நாற்காலி போட்டு, சாட்சியை அழைத்து, தாளில் எழுதினர். அந்நீதிமன்றங்களில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வென்றவர் தம் குற்றங்களை விசாரித்துக்கொள்ளவில்லை என்பது எவரும் அறிந்ததே. ஆனால் நானி கேட்ட தாள் அங்கேதான் எழுதப்பட்டது. அதனால்தான் கார் நிக்கோபாரில் நடந்ததை இன்று ஐயமற உரைக்க முடிகிறது.

இதனை நாம் நானிக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் நம் பேரன் குறுக்கிட்டான். அதற்கு முந்திய வாரந்தான் பள்ளியிலிருந்து செல்லுலார் சிறைக்கு அழைத்துச் சென்றிருந்தனர். “தாத்தா, அந்தச் சிறையில் இருந்தவர்களும் குண்டு வைத்தவர்கள் என்று ஆசிரியர் சொன்னார். வெளியே பூங்காவில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது. அப்படியானால் பயங்கரவாதி என்று யாரைச் சொல்வது?”

அன்பர்களே, உலகத்துப் பேரறிஞர்கள் திணறும் கேள்வி இது. நாம் சமாளித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். பிள்ளை விடமாட்டான் என்று தெரிந்ததால் இயன்றவரை உண்மையே சொன்னோம்.

வங்காளத்தில் 1932-ஆம் ஆண்டு வெள்ளை அரசு இயற்றிய அடக்குமுறைச் சட்டத்தின் பெயரிலேயே ‘பயங்கரவாதக் கொடுமைகள்’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது. சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய அனந்த சிங், கணேஷ் கோஷ் முதலானோர் அவ்வாண்டில்தான் ஆயுள் தண்டனை பெற்று இங்கே அனுப்பப்பட்டனர். 1933-ஆம் ஆண்டு மே மாதம் சிறைக்கொடுமையை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தபோது, வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் மகாவீர் சிங் உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் மோகன் கிஷோர் நாமதாசும் மோகித் மொய்த்ராவும் மாண்டனர். பேரன் கண்ட சிலைகளில் இம்மூவரும் உளர்.

இங்கே ஒரு விந்தையை அன்பர்கள் கருத வேண்டும். 1934-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் பிரான்சின் மார்சேய் நகரில் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். சதியாளரின் தலைவர் இத்தாலிக்குள் புகுந்துகொண்டார். இது அரசியற் குற்றம் என்று கூறி, அவரை ஒப்படைக்கத் தூரின் நகர நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதனால் கலங்கிய நாடுகள், அந்நாளைய சர்வதேச சங்கத்தின் சார்பில் ஜெனீவாவில் கூடி, 1937-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பயங்கரவாதத்தைத் தடுத்துத் தண்டிப்பதற்கான உடன்படிக்கை ஒன்றை வகுத்தன. இத்துறையில் உலகம் செய்த முதல் முயற்சி அது. இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் கையொப்பமிட்டன. ஆனால் முறைப்படி உறுதி செய்தது ஒரே ஒரு நாடு. அது இந்தியா, அதாவது, வெள்ளையர் ஆண்ட இந்தியா! போர் மூண்டதால் உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலேயே மடிந்தது.

அதே 1937-ஆம் ஆண்டு ஜூலையில் செல்லுலார் சிறையில் இரண்டாம் பெரும் உண்ணாவிரதம் தொடங்கியது. காந்தியடிகளும் தாகூரும் வேண்டிக்கொண்டதன்பேரில் அது நிறுத்தப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ஜனவரிக்குள் அரசியற் கைதிகள் அனைவரும் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆக, பயங்கரவாதத்தை ஒழிக்க உலகத்துக்கு முன்னே ஓடிச்சென்று உறுதி செய்த அரசும், இச்சிறையை நடத்திய அரசும் ஒன்றே. அடிமை நாட்டாரின் கண்ணுக்கு அவ்வுடன்படிக்கை எப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் பிள்ளையிடம் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாகாது. 1908-ஆம் ஆண்டு முசபர்பூரில் ஒரு கொடிய நீதிபதியைக் குறிவைத்து எறிந்த குண்டு, வேறு வண்டியில் சென்ற ஒரு தாயையும் மகளையும் கொன்றது. அதனைத் தொடர்ந்து நடந்த அலிப்பூர் வழக்கில் பரீந்திர கோஷ் முதலானோர் இச்சிறைக்கு வந்தனர். அவ்விரு பெண்களின் மரணம் தவறு. நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் தவறுதான். “வண்டிக்குக் காத்திருப்பவன்மேலும், கடையில் காய்கறி வாங்குபவள்மேலும், பிறரை நடுங்கச் செய்வதற்காகவே குண்டு எறிகிறானே, அவன் எந்தக் கொடி பிடித்தாலும் பயங்கரவாதி. ஆள்பவன் சீருடை அணிந்து அதையே செய்தாலும் அது பயங்கரமே. நானியின் வீட்டில் நடந்தது அதுதான். ஆளைப் பார்த்துப் பெயர் சூட்டாதே; செய்த செயலைப் பார்” என்றோம். பேரன் முழுதும் ஒப்புக்கொண்டான் என்று தோன்றவில்லை. நமக்கும் முழுதும் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டோம்.

உலக நாடுகளுக்கும் தெளியவில்லை. 1996-ஆம் ஆண்டிலேயே நம் நாடு ஐக்கிய நாடுகள் சபையில் எல்லா வகைப் பயங்கரவாதத்தையும் தழுவிய பொது உடன்படிக்கைக்கு ஒரு வரைவை அளித்தது. பயங்கரவாதம் என்பதற்கு இலக்கணம் வகுப்பதிலேயே அது தடைப்பட்டு நிற்கிறது. எனினும் உலகம் கைகட்டி இருந்துவிடவில்லை. பெயரைப் பற்றிச் சண்டையிடாமல் செயலை மட்டும் பிடித்துக்கொண்டு பல உடன்படிக்கைகள் செய்தனர். விமானக் கடத்தலுக்கு 1970-இல் ஹேக் நகரில் ஒன்று. குண்டு வெடிப்புக்கு 1997-இல் ஒன்று. பயங்கரவாதத்திற்குப் பணம் தருவதற்கு எதிராக 1999-இல் ஒன்று. இவற்றின் உயிர்நாடி ஒன்றே. குற்றவாளி உன் நாட்டில் இருந்தால், கேட்கும் நாட்டிடம் ஒப்படை. இல்லையேல் நீயே விசாரணைக்கு நிறுத்து. ஒளித்துவைக்காதே என்பதே அது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்தபின், பாதுகாப்புச் சபை 1373-ஆம் தீர்மானத்தின்வழி, பயங்கரவாதிகளுக்குப் பணமும் புகலிடமும் தரலாகாது என்று எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தியது.

இவை ஏட்டளவில் எளியவை; நடப்பில் மிகவும் மெதுவானவை. மும்பை வழக்கையே பாருங்கள். 166 உயிர்களைக் குடித்த அத்தாக்குதலில் உயிருடன் பிடிபட்டவன் அஜ்மல் கசாப் ஒருவனே. வெறுங்கையால் அவனைப் பற்றிக்கொண்டு தம் உயிரைக் கொடுத்தவர் துக்காராம் ஓம்பளே என்னும் காவலர். அவர் அன்று அவனை உயிருடன் பிடித்துத் தந்திராவிட்டால், யார் அனுப்பினர், எவ்வழியே வந்தனர் என்பவற்றை நாம் அறிந்திருப்போமா? கசாபுக்கும் வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். கீழ்க்கோர்ட்டு, உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என மூன்று படிகளையும் கடந்து, 2012-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள்தான் தண்டனை நிறைவேறியது. முன்கூட்டியே இடங்களை உளவு பார்த்துச் சென்ற டேவிட் ஹெட்லி என்பவனுக்கு அமெரிக்க நீதிமன்றம் 2013-இல் 35 ஆண்டுச் சிறை விதித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு செய்த உடன்பாட்டினால் அவன் இந்தியாவுக்கு அனுப்பப்படவில்லை. ஆயினும் 2016-இல் காணொளி வழியே மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான்.

ராணாவின் செய்தி இன்னும் சிக்கலானது. 2011-இல் அமெரிக்க நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட லஷ்கர் இயக்கத்துக்கு உதவினார் என்று அவரைக் குற்றவாளியாகக் கண்டது. மும்பைத் தாக்குதல் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஒரே குற்றத்திற்கு இருமுறை விசாரிக்கலாகாது என்று அவர் வாதிட்டார். இந்தியா சாட்டும் குற்றங்கள் வேறானவை என்று அங்குள்ள நீதிமன்றங்கள் படிப்படியாக முடிவு செய்தன. இந்தியாவும் அமெரிக்காவும் 1997-இல் செய்துகொண்ட ஒப்படைப்பு உடன்படிக்கை இல்லையேல் இவ்வழியே திறந்திராது. குற்றம் நடந்த நாள் முதல் விமானம் இறங்கிய நாள் வரை பதினாறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. பாகிஸ்தானில் தொடுக்கப்பட்ட வழக்கோ இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒத்துழைப்பு எவ்வளவு தேவையோ அவ்வளவு அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், “இவ்வளவு காலம் இழுப்பதைவிடச் சுட்டுவிடுவது மேல் அன்றோ?” என்று மீண்டும் கேட்டார். நாம் நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்காட்டினோம். 1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தோர் பலரும் மனித வெடிகுண்டுக்கு இரையாயினர். அவ்வழக்கில் 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, அவர்களுள் 19 பேரை வெளியேவிட்டது. மூவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. நால்வருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதி செய்தது. பின்னர் அதுவும் மாறியது. அந்தப் பத்தொன்பதின்மரை முதல் தீர்ப்பின் மறுநாளே தூக்கிலிட்டிருந்தால்? நண்பர் மறுமொழி கூறவில்லை.

இவையெல்லாம் டில்லியிலும் ஜெனீவாவிலும் பேச வேண்டியவை. தீவில் வாழும் நமக்கு என்ன என்று இருந்துவிடல் ஆகாது. இந்திரா முனைக்குத் தெற்கே இந்தோனேசியா வெகுதூரத்தில் இல்லை. 2002 முதல் இந்தோனேசியக் கடற்படையோடும், 2005 முதல் தாய்லாந்துக் கடற்படையோடும் நம் கடற்படை எல்லையோரக் கடலில் ஒருங்கிணைந்து ரோந்து சுற்றி வருகிறது. மும்பைக்கு வந்தவர்கள் கடல் வழியே வந்தவர்கள் என்பதையும், ‘குபேர்’ என்னும் மீன்பிடி விசைப்படகைக் கைப்பற்றி அதன் மீகாமனைக் கொன்றனர் என்பதையும் நம் மீனவர் குடும்பங்கள் மறக்கலாகாது. அதிகாரிகள் அடையாள அட்டையைக் கேட்கும்போதும், வாடகைக்குக் குடிவருவோரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதியச் சொல்லும்போதும் சலித்துக்கொள்கிறோம். அது நம் கடமை, சலிப்பின்றிச் செய்வோம்.

ஆனால் அதற்கு மேலே ஓர் அடி வைக்கும்போது கவனம் வேண்டும். அயலவர் மொழி பேசுகிறான், நள்ளிரவில் விளக்கெரிகிறது, வேற்று மதத்தான் என்பவற்றைக் கொண்டு ஒருவனை ஒற்றன் என்று கைப்பேசியில் செய்தி பரப்புதல் நம்மிடையே பெருகிவருகிறது. 1943-இல் இத்தீவில் நடந்தது இதுவே. அன்று கைப்பேசி இல்லை, அவ்வளவே. வங்காளி, தெலுங்கர், ராஞ்சியிலிருந்து வந்தோர், கேரன் மக்கள், நிக்கோபாரியர், இலங்கையிலிருந்து வந்து கச்சலில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த நம் உறவினர் எனப் பல ஊரார் கூடி வாழும் இடம் இது. இங்கே எல்லோரும் ஏதோ ஒரு நாள் அயலவராக வந்திறங்கியவரே. கண்டதைக் காவலரிடம் சொல்வோம். தீர்ப்பை நாம் எழுத வேண்டாம்.

இவற்றையெல்லாம் எழுதுமுன் மும்பை மாப்பிள்ளையோடு பேசினோம். நாம் முதலில் சொன்னதையும், நானி சொன்னதையும் ஒளிக்காமல் கூறினோம். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “மச்சான், அவனைச் சுட்டால் எனக்கு ஒரு நாள் தூக்கம் வரும். மறுநாள் பழையபடிதான். என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவரின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. ஏன் அவரைக் கொன்றார்கள், யார் யார் உட்கார்ந்து திட்டமிட்டார்கள் என்று ஒருநாள் கோர்ட்டில் படிப்பார்கள் அல்லவா? அன்று நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான்” என்றார்.

இதை நானியிடம் சொன்னோம். “அவனுக்காவது கேட்கக் கிடைக்கட்டும்” என்றார். பின்பு, தமக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு என்றார். சிங்கப்பூரில் எழுதிவைத்த தாள்களில் தம் தந்தையின் பெயர் எங்கேனும் உளதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பேரன் அப்பணியை ஏற்றுக்கொண்டிருக்கிறான். பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடும் என்று நானியைக் கேட்டு ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். கிடைக்குமா என்பது தெரியாது, தேடுவதை நிறுத்தப்போவதில்லை.

வரும் ஜனவரி 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்ச் நினைவிடத்திற்கு நானியை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு செல்ல இருக்கிறோம். இத்தனை ஆண்டுகள் இத்தீவில் வாழ்ந்தும் அந்நாளில் நாம் அங்கே சென்றதில்லை. உடன்வர விரும்பும் சங்க அன்பர்கள் முன்னரே தெரிவித்தால் வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். அன்று திண்ணையில் இருந்த நண்பர் நால்வரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.